இது புகார் அன்று

ஜனவரி 8, திங்கள்

இன்று முதல்வர் என்னை ‘நம்ம செல்வநாயகி மேடம்’ என்றார். இந்தக் கல்லூரியில் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. இதுவரை நான் வெறும் ‘தமிழ் மேடம்’. ‘நம்ம’ என்ற சொல் திடீரென்று எங்கிருந்து முளைத்தது என்று அப்போதே சந்தேகப்பட்டேன். காரணம் பின்னாலேயே வந்தது.

போன ஜூனில் மூன்றாமாண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தேன். வாரம் ஒரு கட்டுரை எழுத வேண்டும். நான் அதன் அடியிலேயே கருத்துரை போட்டுத் திருத்துவேன். வருடக் கடைசியில் அதுவே அவர்களுடைய படைப்புத் தொகுப்பு, அதற்கே இன்டர்னல் மார்க். அன்றைக்கு ஆசிரியர் அறையே சிரித்தது. எங்கள் துறைத் தலைவர் அர்த்தநாரி சார், “பேப்பர் திருத்தச் சோம்பேறித்தனம்னா நேரா சொல்லீரலாமுங்க மேடம்” என்றார். உண்மையில் ஐந்து மடங்கு வேலை. ஒவ்வொரு ஒற்றுப்பிழையையும் கைப்பேசியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தவள் நான்.

இப்போது மார்ச்சில் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. ‘சிறந்த நடைமுறை’ என்று குழுவுக்குக் காட்டக் கல்லூரியில் ஒரு துரும்பும் இல்லை. தேடு தேடு என்று தேடி என் வலைப்பூக்களில் வந்து நின்றிருக்கிறார்கள்.

“ஃபைல நீங்களே ரெடி பண்ணீருங்க மேடம். குழு வந்துட்டுப் போகட்டும். உங்க பெர்மனென்ட் விஷயத்தத் தாளாளர்கிட்ட நான் பேசறேன்” என்றார் முதல்வர்.

ஆறு வருடமாக இதே ‘பேசறேன்’. ஆனால் இந்தத் தடவை அவருக்கு நான் தேவை. வீட்டுக்கு வரும் வழியில் வெண்டைக்காய் வாங்கினேன். பாதி முற்றல்.

ஜனவரி 12, வெள்ளி

பொங்கலுக்கு முந்தின கடைசி வகுப்பு. பாதிப் பேர் வரவில்லை. இருந்தவர்களுக்கு ‘அன்று’, ‘அல்ல’ மறுபடியும் நடத்தினேன். எத்தனையாவது தடவையோ. ‘இது பழம் அன்று, இவை பழங்கள் அல்ல.’ ஒருமைக்கு அன்று, பன்மைக்கு அல்ல. நான் அல்லேன், நீ அல்லை, அவள் அல்லள். இதைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள். எழுதும்போது எல்லாவற்றுக்கும் ‘அல்ல’தான். நாளிதழ்க்காரனே அப்படித்தான் எழுதுகிறான், பிள்ளைகளை என்ன சொல்ல. ஆனால் என் வகுப்பில் அதற்கு அரை மார்க் போகும். அது எல்லோருக்கும் தெரியும்.

மேகலா ஒருத்திக்கு மட்டும் அது கையில் வந்துவிட்டது. அவள் வலைப்பூவின் பெயர் ‘எழுநூறு அடி’. அப்பா ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். திருச்செங்கோட்டிலிருந்து வண்டி கிளம்பினால் சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று எட்டு மாதம் திரும்பாது. அவரோடு போனில் பேசுவதைத்தான் எழுதுகிறாள். ‘வெறும் புழுதியாக வந்துகொண்டிருந்தால் அப்பா போனை எடுக்க மாட்டார். தண்ணீர் வந்தால் அவரே கூப்பிடுவார்’ என்று ஒரு பதிவு தொடங்குகிறது. நான் கருத்துரையில் ‘பிழை இல்லை’ என்று மட்டும் எழுதினேன். என்னிடமிருந்து அது பெரிய பாராட்டு. அவளுக்கும் தெரியும்.

துறைக்கு என்று ஒரு பொது வலைப்பூவும் உண்டு. அதற்கு வகுப்பு முழுவதற்கும் ஒரே கடவுச்சொல். அதில் பெயர் போட வேண்டியதில்லை. ஆனால் இணையாக இருக்கும் தோழி திருத்தித் தராமல் யாரும் எதையும் போடக் கூடாது என்று விதி வைத்திருக்கிறேன். மேகலாவுக்கு இணை லோகேஸ்வரி. நவம்பரில் தேர்வு ஹாலில் மயங்கி விழுந்தாளே, அவள்தான். பயந்த சுபாவம், எழுத்தில் ஒற்றே இருக்காது. மேகலாவோடு போட்டால் தேறுவாள் என்று போட்டேன்.

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் முடிந்தது. குக்கருக்குக் கேஸ்கட் வாங்க வேண்டும்.

ஜனவரி 24, புதன்

மதியம் மேகலா ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். உள்ளே வா என்றால் வரமாட்டாள். அர்த்தநாரி சார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சென்னையில் ஒரு நிறுவனத்தில் எம்.ஏ. சேர விண்ணப்பித்திருக்கிறாளாம். விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். நுழைவுத் தேர்வு கிடையாது. எழுதிய தொகுப்பைப் பார்த்து, நேர்காணலில் அதிலிருந்தே கேள்வி கேட்பார்கள்.

“உங்க வலைப்பூ முகவரியத்தானுங்க மேடம் கொடுத்திருக்கேன்.”

“என் வலைப்பூ இல்ல, உன் வலைப்பூ” என்றேன்.

“ஆமாங்க மேடம். மார்ச் இருபத்தேழு நேர்காணல். கிடைச்சா போயிருவேனுங்க. இல்லைன்னா நாமக்கல்ல பண்ணை ஆபீஸ்ல முட்டைக் கணக்கு எழுதப் போகோணும். அம்மா சொல்லி வெச்சிட்டாங்க.”

“கிடைக்கும் போ” என்றேன். அவள் நம்பினாள். நானும் நம்பினேன். இந்த வலைப்பூக்களால் ஒரு பிள்ளையாவது எங்காவது போய்ச் சேர்ந்தால் அர்த்தநாரி சார் முகத்தை ஒரு தடவை நிதானமாகப் பார்ப்பேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

ஒத்திகை. குழு வந்தால் எப்படி நடக்க வேண்டும் என்று தாளாளரே குழுவாக நடித்துக் காட்டினார். வாசலிலிருந்து நூலகம்வரை பூந்தொட்டிகள், நாமக்கல் நர்சரியில் வாடகைக்கு எடுத்தவை. நூலகத்தில் புதிதாக ஆறு கணினி. எங்கள் அறக்கட்டளையின் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கி வந்திருக்கிறார்கள், அந்தக் குழந்தைகள் இப்போது எதைப் பார்த்துப் படிக்கின்றனவோ. பழைய ஸ்டோர் ரூமுக்கு வெள்ளையடித்து ‘நோயாளர் அறை’ என்று பலகை. கட்டில், திரை, வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ் பெண்.

என்னுடைய கோப்பு மட்டும்தான் இந்தக் கல்லூரியில் வாடகைக்கு எடுக்காத சரக்கு. இதை அர்த்தநாரி சாரிடம் சொன்னேன். “சத்தமா சொல்லாதீங்க மேடம்” என்றார்.

நல்ல பதிவுகளை அச்செடுத்து ஒட்டிவிட்டேன். முதல் பக்கம் மேகலாவின் ரிக் வண்டிப் பதிவு.

பிப்ரவரி 26, திங்கள்

துறை வலைப்பூவில் மதியம் ஒரு பதிவு வந்திருக்கிறது. பெயர் இல்லை. நான் பார்ப்பதற்குள் ஊரே பார்த்துவிட்டது. அப்படியே எழுதி வைக்கிறேன்:

‘இது புகார் அன்று. பார்த்ததைச் சொல்கிறேன். நவம்பரில் ஒரு பெண் தேர்வு அறையில் மயங்கி விழுந்தாள். படுக்க வைக்க இடம் இல்லை. வராந்தாவில் இரண்டு பெஞ்சை இழுத்துப் போட்டார்கள். முகத்தில் தெளிக்கத் தண்ணீர் தேடினார்கள். இப்போது நம் கல்லூரியில் நோயாளர் அறை இருக்கிறது. கட்டில் இருக்கிறது, திரை இருக்கிறது, வெள்ளை உடுப்பில் ஓர் அக்கா இருக்கிறார். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று அக்காவைக் கேட்டேன். மார்ச் பதின்மூன்றுவரை என்றார். ஆகவே தோழிகளே, மயங்குவதாக இருந்தால் அதற்குள் மயங்கிக்கொள்ளுங்கள்.’

படித்துச் சிரித்துவிட்டேன். ‘ஓர் அக்கா’ என்று சரியாகப் போட்டிருக்கிறாள். சிரித்து முடித்த பிறகுதான் இது யார் கண்ணில் எல்லாம் படும் என்று உறைத்தது. பதிவை நீக்கினேன். நீக்கி என்ன, எல்லாருடைய வாட்ஸப்பிலும் இருக்கிறது.

பிப்ரவரி 27, செவ்வாய்

காலை பத்து மணிக்குத் தாளாளர் அறை. அவர், முதல்வர், அர்த்தநாரி சார், நான். தாளாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் கைப்பேசியிலிருந்து வாசித்தார்.

“‘இது புகார் அன்று.’ அன்றுன்னா என்னிக்கு? தேதியவே காணோம்.”

“நவம்பர்னு கீழ போட்டிருக்குதுங்கய்யா. அன்னிக்குப் புகார் குடுத்தேன்னு சொல்றாங்களாட்ட இருக்குது” என்றார் முதல்வர். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

“அன்னிக்கே புகார் குடுத்தாங்களா? யாருகிட்டக் குடுத்தாங்க? ஏனுங்க முதல்வர், நீங்க வாங்கி வெச்சுட்டு எங்கிட்டச் சொல்லலியா?”

“ஐயோ, எங்கிட்ட ஒண்ணும் வரலீங்கய்யா.”

நவம்பரில் யார் புகார் கொடுத்தது, யார் வாங்கியது, அந்தக் காகிதம் எங்கே என்று கால்மணி நேரம் ஓடியது. அலுவலகத்திலிருந்து ஆளைக் கூப்பிட்டு நவம்பர் மாதக் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார்கள். அர்த்தநாரி சார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்த் துறைத் தலைவர். அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்து பேசாமல் இருந்தாரா என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

என்னால் தாங்க முடியவில்லை. படித்தவர்கள் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு சொல்லைப் போட்டு இப்படிக் குதறினால் நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

“அய்யா, இது நாளைச் சொல்ற ‘அன்று’ இல்லீங்க. ‘அல்ல’ங்கறதோட ஒருமை. இது புகார் கிடையாதுன்னுதான் அர்த்தம்.”

“அல்லன்னுதான அம்மணி எல்லாரும் எழுதறாங்க?”

“தப்பா எழுதறாங்கய்யா. அல்ல பன்மைக்கு. ஒருமைக்கு அன்றுதான். இதுல சரியாத்தான் போட்டிருக்குது.”

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் போய், முகத்தில் மரியாதை வந்ததாக எனக்குத் தோன்றியது. “பரவால்லியே. நம்ம பிள்ளைகளுக்கு இத்தனை நுணுக்கமெல்லாம் வருதா?”

“எல்லாருக்கும் வராதுங்கய்யா. ஒருத்திக்கு வரும்.”

நான் சொன்னது இவ்வளவுதான். என் வகுப்பைப் பாராட்டினார்கள், ஆசிரியை என்ற முறையில் பதில் சொன்னேன்.

“ஒருத்தி” என்று தாளாளர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு அர்த்தநாரி சார் மின்விசிறியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “மேகலாங்களா மேடம்?” என்றார்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. தலையையும் ஆட்டவில்லை.

பிப்ரவரி 28, புதன்

நான் பெயரைச் சொல்லவில்லை. சொன்னவர் அர்த்தநாரி சார்.

பிப்ரவரி 29, வியாழன்

மேகலாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். குழு வந்து போகும்வரை கல்லூரிக்குள் கால் வைக்கக் கூடாது. எழுத்தில் மன்னிப்புக் கேட்டால்தான் ஹால் டிக்கெட். முதல்வர் அறையிலிருந்து வெளியே வந்தவளை வராந்தாவில் நிறுத்தினேன்.

“நான் எழுதலீங்க மேடம்.”

“அப்ப யாரு எழுதுனது?”

பையை மறுதோளுக்கு மாற்றினாள்.

“மேகலா, எங்கிட்டப் பொய் சொல்லாத. மொத வரியப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“மொத வரிய வெச்சுங்களா மேடம் கண்டுபிடிச்சாங்க?” என்றாள். கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. “நீங்களாங்க அதச் சொன்னீங்க?”

“நான் பேரச் சொல்லல.”

“பேரு சொன்னீங்களான்னு நான் கேக்கலீங்களே மேடம்.”

என்ன திமிர் என்று நினைத்தேன். அவளுக்காக நான் முதல்வரிடம் பேசலாம் என்று இருந்தேன். இப்படிப் பேசினால் யாருக்கு மனசு வரும்? லோகேஸ்வரி தூண் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். தோழிக்காக அழுகிறாள் பாவம். அவள் அப்பா எங்கள் கல்லூரிப் பேருந்து ஓட்டுநர். மாலையில் அவர் வண்டியிலேயே மேகலா ஊருக்குப் போனாள்.

மாவு புளித்துவிட்டது. ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லை.

மார்ச் 4, திங்கள்

மேகலா தன் வலைப்பூவில் ஒரே ஒரு வரி போட்டிருக்கிறாள்.

‘அதை எழுதியவள் நான் அல்லேன்.’

வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் ‘நான் அல்ல’ என்றுதான் எழுதியிருக்கும். இவள் மறுக்கும்போதே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டாள். அடியில் கருத்துரை எழுதினேன்: ‘இலக்கணம் சரி. உண்மைதான் இல்லை.’

முதல்வர் இரண்டு மணிக்குக் கூப்பிட்டார். “இன்னும் எழுதீட்டிருக்காளே மேடம். அந்தப் பிளாக்கத் தூக்கீருங்க.”

வலைப்பூக்கள் எல்லாமே துறை மின்னஞ்சலில் தொடங்கியவை. பிள்ளைகள் கடவுச்சொல்லை மறந்துவிடுவார்கள் என்று நானே எல்லாவற்றையும் என் கையில் வைத்துக்கொண்டேன்.

“ஒரு வருஷத்து எழுத்து சார். மாசக் கடைசில அவளுக்கு இத வெச்சுத்தான் இன்டர்வியூ.”

“குழுவுக்கு லிங்க் கொடுத்திருக்கோம். தொறந்ததும் இதுதான் மேல வந்து நிக்குது. நீங்களே பாத்துக்குங்க. உங்க ஆர்டர் டைப் ஆயிட்டிருக்குது மேடம். தாளாளர் கையெழுத்துதான் பாக்கி.”

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார்.

மார்ச் 5, செவ்வாய்

மேகலாவின் வலைப்பூவை என்னைத் தவிர யாரும் பார்க்க முடியாதபடி பூட்டினேன். அழிக்கவில்லை. இதைக் குறித்து வைக்கிறேன், நான் அதை அழிக்கவில்லை. குழு போனதும் திறந்துவிடலாம்.

மார்ச் 12, செவ்வாய்

குழு வந்தது. பட்டுப்புடவை, மல்லிகை, ஆரத்தி. நோயாளர் அறையில் ஒரு பி.காம். பையனைப் படுக்க வைத்திருந்தார்கள். நன்றாகவே முனகினான்.

என் மேசைக்கு வந்தவர் பெங்களூரில் பேராசிரியையாக இருக்கும் ஒரு தமிழ் அம்மா. மற்றவர்கள் காபி குடிக்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் உட்கார்ந்து கோப்பைப் புரட்டினார். மேகலாவின் பக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். நல்லா இருக்குது, இருக்கட்டும், பேரை மட்டும் மறைங்க என்றார் முதல்வர். அதனால் நேற்று பெயர் மேல் ஒரு வெள்ளைத் தாளைக் கோந்து போட்டு ஒட்டி ‘மூன்றாமாண்டு மாணவி’ என்று எழுதியிருந்தேன்.

அந்த அம்மா ரிக் வண்டிப் பதிவை வாய்விட்டே படித்தார். முடித்ததும் மறுபடியும் முதல் வரிக்குப் போனார். ஆறு வருடத்தில் என் வேலையை ஒருவர் உட்கார்ந்து படித்தது இதுதான் முதல் தடவை.

“யார் இந்தப் பொண்ணு? பாக்கலாமா?” என்றார்.

முதல்வர் என்னைப் பார்த்தார். அர்த்தநாரி சார் என்னைப் பார்த்தார்.

“இன்னிக்கு லீவுங்க மேடம். அம்மை போட்டிருக்குது” என்றேன்.

அம்மை என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அந்த அம்மாவும் கேட்கவில்லை. “உடம்பு சரியானதும் நான் பாராட்டுனேன்னு சொல்லுங்க” என்றார். சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 14, வியாழன்

பூந்தொட்டிகளை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. வலைப்பூவைத் திறக்கலாமா என்று முதல்வரிடம் கேட்க நினைத்தேன். குழுவின் முடிவு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 27, புதன்

காலை ஒன்பதேகாலுக்கு மேகலா கூப்பிட்டாள். சென்னையில் இருக்கிறாள். அம்மாவோடு இரவுப் பேருந்தில் போயிருக்கிறாள்.

“மேடம், வலைப்பூ தொறக்க மாட்டேங்குதுங்க. அனுமதி இல்லைன்னு வருது. பதினோரு மணிக்குக் கூப்பிடுவாங்க. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் தொறந்து விடுங்க மேடம்.”

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“முதல்வரக் கேட்டுட்டுச் செய்யறேன்” என்றேன்.

முதல்வர் சேலத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தார். போன் எடுக்கவில்லை. நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். அவரைக் கேட்காமல் திறந்தால்? திறந்திருக்கலாம். கைப்பேசியில் இரண்டு தட்டு, அவ்வளவுதான். ஆனால் நேற்றுத்தான் அர்த்தநாரி சார் சொன்னார், என் ஆணை தாளாளர் மேசையில் இருக்கிறது, ஒன்றாம் தேதிக்குள் வந்துவிடும் என்று. இந்த நேரத்தில் யாராவது பார்த்துப் போய்ச் சொன்னால் மறுபடியும் ஆறு வருடம். எனக்கும் வீட்டு வாடகை, மகளின் பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாம் இருக்கிறது. இதைப் படிக்கிறவர் யாரும் இல்லை, யாரிடம் நான் நியாயம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை.

பத்தரைக்கும் பதினொன்றுக்கும் மேகலாவின் அழைப்பு வந்தது. வகுப்பில் இருந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை, நானாகத்தான் திறந்தேன்.

ஏப்ரல் 3, புதன்

ஆணை வந்துவிட்டது. பணி நிரந்தரம். ‘சிறந்த நடைமுறை’க்காகத் தாளாளர் ஒரு சான்றிதழும் கொடுத்தார். அதில் ‘வலைப்பூ’ என்பதை ‘வளைப்பூ’ என்று அச்சடித்திருக்கிறார்கள். நான் திருத்தச் சொல்லவில்லை. ஆசிரியர் அறைக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 10, புதன்

மேகலா மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டாளாம். ஹால் டிக்கெட் கொடுத்துவிட்டார்கள். சென்னையில் இடம் கிடைக்கவில்லை என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள். தொகுப்பு இல்லாமல் எதைப் பார்த்து மதிப்பிடுவது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

ஏப்ரல் 25, வியாழன்

கடைசித் தேர்வு. விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது லோகேஸ்வரி வந்தாள். எல்லோரும் போகும்வரை கதவோரம் காத்திருந்திருக்கிறாள்.

“மேடம், அந்தப் பதிவு நான் போட்டதுங்க.”

எனக்குப் புரியவில்லை. எந்தப் பதிவு என்று கேட்டேன்.

“நோயாளர் அறைங்க. மயங்கி விழுந்தது நான்தானுங்களே. மேகலாவுக்கு அதெல்லாம் அந்த அளவுக்குத் தெரியாது. அவ திருத்தித்தான் குடுத்தா. இணை திருத்தாம போடக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொல்லியிருக்கீங்க.”

கையிலிருந்த விடைத்தாள் கட்டை மேசையில் வைத்தேன்.

“‘இது புகார் அல்ல’ன்னுதானுங்க மேடம் நான் எழுதியிருந்தேன். அவதான் அன்றுன்னு மாத்துனா. பேரு இல்லைன்னாலும் மேடம் பாப்பாங்க, அரை மார்க் போயிரும்னு சொன்னா.”

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

“அப்பா இங்க பஸ் ஓட்டீட்டிருந்தாருங்க. நீ வாயத் தொறந்தா உங்கப்பாவ அன்னிக்கே நிறுத்தீருவாங்க, சும்மா இருன்னு அவதான் சொன்னா. அப்பா இந்த மாசத்தோட வேற ஸ்கூலுக்குப் போயிட்டாரு.”

“இப்ப எங்கிட்டச் சொல்லச் சொன்னாளா?”

“இல்லீங்க மேடம். மேடத்துக்குத் தெரிஞ்சாலும் ஒண்ணும் ஆகப்போறதில்லன்னா.”

அவள் போன பிறகு நூல் கண்டைத் தேடினேன். கையிலேயே இருந்தது. பிப்ரவரி கடைசியில் அவள் அந்தத் தூண் ஓரத்தில் எதற்கு அழுதாள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மயங்கியவள் யார் என்று எனக்குத் தெரியும். மேகலாவுக்கு இணை யார் என்று தெரியும். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கத் தமிழ் இலக்கணம் தேவைப்படாது.

முதல்வரிடம் போய் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் லோகேஸ்வரியின் தேர்வு முடிவை நிறுத்தி வைப்பார்கள். அவளுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன்.

ஜூலை 3, புதன்

புது மூன்றாமாண்டு. இந்த வருடம் எல்லாத் துறைகளிலும் வலைப்பூ கட்டாயம் என்று சுற்றறிக்கை. மற்ற ஆசிரியர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுக்க வேண்டும். “போன வருஷத்துல நல்லதா ஒண்ணு எடுத்து மாதிரிக்குக் காட்டுங்க மேடம்” என்றார் முதல்வர்.

அர்த்தநாரி சார் சொன்னார், மேகலாவை நாமக்கல்லில் பார்த்தாராம். பண்ணை அலுவலகத்தில் இருக்கிறாள். வணக்கம் சொன்னாளாம். என்னைப் பற்றிக் கேட்டாளா என்று நான் கேட்கவில்லை.

மதியம் ஆசிரியர் அறையில் யாரும் இல்லாதபோது ‘எழுநூறு அடி’யைத் திறந்தேன். மார்ச் நான்குக்குப் பிறகு அவள் ஒன்றும் எழுதவில்லை. அந்த ஒரு வரிதான் மேலே நிற்கிறது: ‘அதை எழுதியவள் நான் அல்லேன்.’ அதன் அடியில் என் கருத்துரை: ‘இலக்கணம் சரி. உண்மைதான் இல்லை.’ இந்தத் தளத்துக்கு யார் வந்தாலும் அவள் எழுத்தைப் படிக்கும் முன்னால் அவளைப் பொய்க்காரி என்று நான் சொன்னதைத்தான் படிப்பார்கள்.

கருத்துரையை நீக்கினேன். அந்த இடம் வெறுமையாக இருந்தது. வேறு ஏதாவது எழுத வேண்டும் என்று தோன்றியது. மன்னிப்பு என்று தட்டி அழித்தேன். கடைசியில் ஒரு வரி வந்தது.

‘உன்னைக் காட்டிக்கொடுத்தவள் நான் அல்லேன்.’

இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஒற்று சரியாக இருந்தது. எழுவாயும் பயனிலையும் பொருந்தி வந்தன. ஒரு பிழையும் இல்லை.

வெளியிடவில்லை. கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். இன்றைக்கு ‘அன்று’, ‘அல்ல’ நடத்த வேண்டிய நாள். இரண்டில் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், மார்க் போகாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.